பினாங்கிலே பசியாறுதல்

நெடுநாள் விடுப்பொன்று முடியுந் தறுவாயில், நோயினின்று தேறியவராயினும், குழந்தை வளர்ப்பின் பொருட்டு வேலையை விட்டிருந்தவராயினும், ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றில் சேர இருப்பவராயினும், மறுபடி உத்தியோகத்துக்குப் போகவேண்டிய தேதி நெருங்க நெருங்க, எஞ்சியிருக்கும் சில தினங்களை வீணாக்கிவிடலாகாதே என்ற பரபரப்பு உண்டாவது இயல்பு. இந்தப் பரபரப்பின் வசப்பட்டவர்கள் பெரும்பாலும் செய்வது என்னவெனில், மூன்று தேசங்களை ஒரே மூச்சில் காட்டித் திருப்பி அனுப்பும் சுற்றுலாவொன்றில் பணங்கட்டிச் சேர்ந்து, விடியுமுன் எழுந்து, பேருந்திலே உறங்கி, கோபுரங்களையும் மாளிகைகளையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, புறப்பட்டபோது இருந்ததைக் காட்டிலும் அதிகக் களைப்போடு வீடு வந்து சேர்வதுதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விச்ராந்தியை நாடிப் பிறதேசம் போகிறவர் ஒரே ஊருக்குப் போக வேண்டும். அது நன்றாகச் சாப்பிடத் தெரிந்த ஊராக இருக்க வேண்டும். அங்கே பசியைத் தவிர வேறெந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அப்படிப்பட்ட ஊர்களில் நம்மவர்க்கு மிகவும் ஏற்றது மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரம்.

உழைத்துப் பழகிய மனம், ஒன்றுஞ் செய்யாதிருக்கும்படி விடப்பட்டால், ஓய்ந்திருக்கச் சம்மதிப்பதில்லை. வரப்போகும் வேலையைப் பற்றியும், புதிய மேலதிகாரியைப் பற்றியும், தன் கைத்திறன் இத்தனை நாளில் மங்கிவிட்டதோ என்பதைப் பற்றியும் கவலைப்படத் தொடங்கிவிடும். அதற்கு ஏதேனும் ஒரு சிறு காரியம் வேண்டும். அந்தக் காரியத்தில் ஜயாபஜயம் இருக்கலாகாது. இன்றைக்கு மத்தியானம் எங்கே சாப்பிடுவது, எந்தத் தெரு வழியாக அங்கே நடந்து போவது, அந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற யோசனை அப்படி அபாயமில்லாத ஒரு காரியம். பினாங்கில் நல்ல ஆகாரம் பெரும்பாலும் தெருவோரத்து ஒட்டுக்கடைகளில் கிடைப்பதாலும், ஒரு கடைக்காரர் ஒரே பதார்த்தத்தைத் தம் வாழ்நாளெல்லாம் செய்துவருவது அங்கே வழக்கமாதலாலும், வயிறு நிறைவதற்குள் இரண்டு மூன்று இடங்களுக்கு நடக்க நேர்கிறது. ஒரு கடை காலையில் மட்டும் இருக்கும்; மற்றொன்று பொழுது சாய்ந்த பிறகே அடுப்பு மூட்டும்; சரக்குத் தீர்ந்தால் எவருக்காகவும் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். இந்த ஒழுங்குக்கு உட்பட்டு நான்கைந்து தினங்கள் இருந்தாலே, மனம் அலுவலகத்தின் ஞாபகத்தை விட்டுவிட்டு வயிற்றின் சொற்படி நடக்கக் கற்றுக்கொள்ளும்.

அங்கே போய்ச் சேர்வது இப்போது கடினமில்லை. முன்னாளில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் நீராவிக் கப்பல் 1973 வரையில் அந்த மார்க்கத்தில் எத்தனையோ ஆயிரம் தமிழர்களைக் கொண்டுபோயும் கொண்டுவந்தும் இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல நாள் பிடித்த அந்தப் பிரயாணம் இன்று சுமார் நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. இந்தியர் விசா இன்றி 30 நாள்வரை தங்கிவரலாம் என்ற சலுகை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இத்தகைய சலுகைகள் குறித்த காலத்துக்கே அளிக்கப்படுபவை ஆதலால், சீட்டு வாங்குமுன் அதன் நிலையை விசாரித்துக்கொள்வதும், வருகைப் படிவத்தை இணையத்தில் முன்னதாகவே நிரப்பிவிடுவதும் அவசியம்.

இந்தச் சிறு தீவில் இத்தனை சுவைகள் எப்படிச் சேர்ந்தன என்பதற்குச் சரித்திரத்தில் விடை இருக்கிறது. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருட்டு, கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்த இத்தீவில் கொடியேற்றினார். வந்து இறங்கும் சரக்குக்குத் தீர்வை இல்லை, காட்டை வெட்டித் திருத்துகிறவனுக்கு அந்நிலம் சொந்தம் என்ற ஏற்பாடு பரவியவுடன், சீனத்தின் ஹொக்கியன், தியோச்சியூ பிரதேசத்தார், சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள், செட்டிமார், அச்சே, சயாம், பர்மா தேசத்தார், ஆர்மீனியர் எனப் பலரும் வந்து குடியேறினார்கள். தீர்வையில்லாத் துறைமுகம் என்ற அந்தஸ்து 1969 வரையில் நீடித்தது. தமிழ் முஸ்லிம்களின் தலைவரால் 1801இல் தோற்றுவிக்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சீனர்களின் பழங்கோயில்களும், ஆங்கிலேயரின் தேவாலயமும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ இந்நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அறிவிப்பு கட்டடங்களுக்குத்தான், ஆயினும் அந்தச் சரித்திரத்தை முழுமையாகக் காக்கிறவை அடுப்புகளே என்று எனக்குத் தோன்றுகிறது.

காலையில் ஆரம்பிக்கலாம். அங்குள்ள தமிழர்கள் ஒருவரையொருவர் ‘பசியாறியாச்சா?’ என்று விசாரித்துக்கொள்ளும் வேளை அது. கோப்பித்தியாம் எனப்படும் சீனக் காப்பிக்கடைகளில், பளிங்குக்கல் பதித்த வட்ட மேஜையின்முன் உட்கார்ந்து, துணிப்பையில் வடித்த கறுப்புக் காப்பியைச் சொல்லுங்கள். அந்தக் கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்து வறுப்பதால், கும்பகோணத்துக் காப்பியில் பழகிய நாக்குக்கு முதல் வாய் கருகலாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் அதைத் தேடும். கூடவே அரைவேக்காட்டு முட்டை இரண்டை உடைத்து ஊற்றி, சோயா சாறும் வெண்மிளகுத் தூளும் தூவித் தருவார்கள்; தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றை நெடுநேரம் கிளறி எடுத்த காயா என்னும் இனிப்பைத் தடவிய ரொட்டியும் வரும். இக்கடைகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் ஹைனான் தீவுச் சீனர். பிற சீனர்களுக்குப் பின்னால் வந்ததனால் வியாபாரமெல்லாம் மற்றவர் கையில் இருக்கக் கண்டு, ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாக அமர்ந்து, பிறகு காப்பிக்கடை வைத்தவர்கள் அவர்கள். மற்றொரு காலையில், தமிழ் முஸ்லிம் கடையொன்றில் மாவை வீசி மடித்துச் சுட்ட ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்போடு தின்று, உயர ஆற்றி நுரைபொங்கத் தரும் தே தாரேக் என்னும் தேநீரைக் குடிக்கலாம். மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை, இவை இரண்டையும் தேங்காய்ப்பாற் சோறாகிய நாசி லெமாக்கையும் குறிப்பிட்டே, யுனெஸ்கோ 2024இல் மனிதகுலத்தின் தொட்டறியாப் பாரம்பரியங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

மத்தியானத்துக்கு நாசி கண்டார். தோளிலே ஒரு கழி, அதன் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்புப் பானை என்று சுமந்துகொண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விடியற்காலையில் விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு இது. இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து போனவர்கள் இதிலே மிகுதி. காம்பெல் தெருவில் இருக்கும் ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கப்பட்டு இன்றளவும் நடக்கிறது. சோற்றை வைத்து, நீங்கள் சுட்டுகிற கோழி, கணவாய், மீன்சினை, வெண்டைக்காய் ஆகியவற்றை அடுக்கியபின், பரிமாறுகிறவர் ஒரு கணம் நிறுத்தி, “குழம்பு கலந்து ஊத்தட்டுமா அண்ணே?” என்று கேட்பார். தயங்காமல் சரியென்று சொல்லிவிடுங்கள். நான்கைந்து குழம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மூழ்கும்படி ஊற்றுவார். அவை தட்டிலே கலந்து உண்டாகும் சுவை எந்தத் தனிக் குழம்பிலும் இராது. நம் ஊரிலிருந்து போன சமையல்தான் இது. ஆயினும் நம் ஊரில் எங்கும் கிடையாத ஒன்றாக அங்கே வளர்ந்திருக்கிறது. சிப்பந்தி சரளமாகத் தமிழ் பேசுவதால் ஊரிலேயே இருப்பதாக ஒரு கணம் தோன்றும். சோற்றில் கைவைத்தவுடன் அந்த எண்ணம் மாறிவிடும்.

நாசி கண்டாரை விரும்ப நமக்கு முயற்சி வேண்டாம். அசாம் லக்ஸாவை விரும்பச் சிறிது பொறுமை வேண்டும். ஆனால் பினாங்கின் ஆத்மா எதில் இருக்கிறதென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள்ளெடுத்து உதிர்த்து, அந்த நீரிலேயே புளியும், குடம்புளி இனத்துக் காயை வட்டம் வட்டமாக அரிந்து உலர்த்திய துண்டுகளும், மிளகாய், எலுமிச்சைப்புல், இறாலைப் புளிக்கவைத்துச் செய்த பெலாச்சான் ஆகியவையும் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். கெசும் என்ற இலையும், இஞ்சிக் குடும்பத்துச் செடியொன்றின் இளஞ்சிவப்பு மொட்டும் அதற்கு மணம் தருகின்றன. வழவழப்பான தடித்த அரிசிச் சேவையின்மேல் இந்தச் சாற்றை ஊற்றி, வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா ஆகியவற்றைப் பச்சையாகவே நறுக்கிப் போட்டு, ஒரு கரண்டி கறுத்த இறால் பாகோடு கொடுக்கிறார்கள். முதற்கண் புளிப்பு, அடுத்து உறைப்பு, பிறகு மீனின் கனம், நடுவிலே அன்னாசியின் தித்திப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் பாகின் ஆழமான உப்பு என்று சுவைகள் ஒன்றையொன்று மறைக்காமல் வரிசையாக வந்து நிற்கும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் லக்ஸா என்றால் பெரும்பாலும் தேங்காய்ப்பாலில் செய்த கொழுமையான குழம்பே. பினாங்கோ சயாமுக்கு அருகில் இருப்பதனால் புளிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. உஷ்ணமும் ஈரமும் மிகுந்த அத்தீவில், வியர்க்க வியர்க்க இந்தச் சூடான புளிப்பைக் குடித்து எழுந்தபின் உடம்பு இலேசாவதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

இதைத் தேடி ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் போகிறவர்கள், அருகே குன்றின்மேல் எழுந்துள்ள கெக் லோக் சி என்னும் பௌத்த ஆலயத்தையும் பார்த்துவரலாம். 1930இல் நிறைவுற்ற அதன் கோபுரம் அடியிலே சீனம், நடுவிலே சயாம், உச்சியிலே பர்மா என்று மூன்று தேசங்களின் சிற்ப முறைகளைக் கொண்டது. கீழே லக்ஸா விற்கிறவர் பாத்திரத்தில் கண்ட அதே இணக்கம் மேலே கல்லிலும் சுண்ணாம்பிலும் காணக் கிடைக்கிறது.

பிற்பகலில் ஒன்றும் செய்யாதீர்கள். பழைய நகரத்துக் கடைவீடுகளின் முன்னே ஐந்தடி அகலத்தில் தொடர்ந்து செல்லும் தாழ்வாரங்களில் மழையும் வெயிலும் படாமல் சிறிது உலாவலாம். சுவர்ச் சித்திரங்களைப் பார்க்க விரும்புகிறவர் ஆர்மீனியன் தெருப் பக்கம் போகலாம். அறைக்குத் திரும்பித் தூங்கலாம். தாகமெடுத்தால், கெங் குவீ தெருமுனையில் 1936 முதல் விற்கும் செண்டோல் இருக்கிறது. சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டிப் பாகு, வேகவைத்த சிவப்பு ராஜ்மா, பாண்டான் இலைச்சாறு கலந்து பிழிந்த பச்சைநிற மாவுச்சேவை ஆகிய இவ்வளவும் ஒரு கிண்ணத்தில் தருவார்கள். பலரும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்கள். வெயில் தாங்காதவர்கள், 1923இல் ஓடத்தொடங்கிய கம்பி இழுவை ரயிலின் வழியே, எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட பினாங்குக் குன்றின் உச்சிக்குப் போய்க் குளிர்ந்த காற்று வாங்கிவரலாம். பசியைத் திரும்பப் பெறுவதற்கு அது நல்ல உபாயம்.

இருட்டியபின் சூலியா தெருவிலோ நியூ லேனிலோ நடைபாதையோரம் வண்டிகள் வந்து நின்று அடுப்பு மூட்டும். அங்கே சார் குவே தியாவ் செய்கிறவர்முன் நின்று பாருங்கள். பட்டையான அரிசிச் சேவை, இறால், சிறு சிப்பிக் கறி, பயறு முளை, பூண்டு மணமுள்ள தாள், வாத்து முட்டை ஆகியவற்றை இரும்புச் சட்டியில், கனன்றெரியும் தீயில், ஒரு சமயத்துக்கு ஒரு தட்டு வீதமே புரட்டி எடுப்பார். பத்துப்பேர் காத்திருக்கிறார்களே என்று இரண்டு தட்டுக்குரியதைச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் சேவை வறுபடாமல் அவிந்துவிடும். அந்தப் புகைமணம் ஏறாது. ஆகவே முறை வரும்வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பதை நஷ்டமென்று எண்ணும் பழக்கத்தை அலுவலகம் நமக்கு ஏற்படுத்தியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சில தினங்களுக்காவது கழற்றிவைக்க, இந்தத் தீயின்முன் நிற்பதைக் காட்டிலும் சிறந்த சிகிச்சை எனக்குத் தெரியவில்லை.

கடையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட விரும்பும் ஓர் இரவுக்கு நியோன்யா சமையலை வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைகளுக்கு முன் மலாய் நாட்டில் வேரூன்றிவிட்ட சீனக் குடும்பங்களின் வீட்டுச் சமையல் அது. சீன முறையும் மலாய் மசாலாவும் அதிலே ஒன்றாகிவிட்டன. கப்பித்தான் கறி என்ற கோழிக்குழம்பில் மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் பெலாச்சானும் கலந்திருக்கக் காணலாம். உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷலின் கையேட்டின், 2022 டிசம்பரில் வெளிவந்த முதற் கோலாலம்பூர்-பினாங்குப் பதிப்பு, ‘ஆன்ட்டி கைக் லீன்’ பெயரிலுள்ள நியோன்யா உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம் அளித்தது. வீட்டுப் பெண்களின் அம்மிக்கும் உரலுக்கும் கிடைத்த நியாயமான மரியாதை அது. ஆனால் நட்சத்திரங்களைப் பின்பற்றியே பினாங்கில் சுற்றுகிறவர் வரிசையில் நின்றே நாளைக் கழிப்பார், ஒன்றிரண்டு போதும்.

சைவ உணவினர் இதையெல்லாம் படித்து மனந்தளர வேண்டியதில்லை. ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெலாச்சான் காய்கறிப் பதார்த்தங்களிலும் கலந்திருக்கும். சீனர் கடைகளில் வறுவலுக்குப் பன்றிக்கொழுப்பு உபயோகிப்பது சகஜம். ஆதலால் கேட்டுத் தெரிந்துகொண்டே சாப்பிடுவது நலம். மார்க்கெட் தெருவைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் தமிழர் நடத்தும் சைவ உணவகங்கள் உண்டு. பௌத்த விரதக்காரர்களுக்கெனச் சீனர் நடத்தும் சைவக் கடைகளும் உண்டு. தெருவிலே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி விற்கும் புத்து மாயம் நம் இடியாப்பமே. அப்போம் என்பது நம் ஆப்பத்தின் வழி வந்தது, அதில் முட்டை சேர்ப்பதுண்டா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தங்கும் நாட்களில் ஒன்றைத் தீவின் மேற்குப்புறத்துப் பாலிக் பூலாவுக்கு ஒதுக்குங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியார் மொலுக்காத் தீவுகளிலிருந்து கொணர்ந்து பரப்பிய ஜாதிக்காய் அங்கே இன்றும் விளைகிறது. கொட்டையும் பத்திரியும் கடைக்குப் போக, நாம் எறிந்துவிடும் சதையை அவர்கள் சர்க்கரையில் ஊறவைத்தும், சாறாகப் பிழிந்தும் உபயோகிக்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் போகிறவர்களுக்கு அங்கே டுரியான் கிடைக்கும். மரத்தில் பழுத்துத் தானே விழுந்த பழத்தை அன்றைக்கே தோப்பில் பிளந்து தின்பதுதான் முறை. அதன் நாற்றத்துக்கு அஞ்சித் திரும்பிவிடுகிறவர்கள், தித்திப்பும் மெல்லிய கசப்பும் கலந்து பாலேடு திரண்டதுபோன்ற அச்சுவையை இழக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் அதை விடுதிக்குள் எடுத்துவராதிருக்கக் கடவர், பெரும்பாலான விடுதிகளில் அதற்கு அனுமதி இராது. சீனப் புத்தாண்டு நாட்களில் ஒட்டுக்கடைகள் பல மூடப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

திரும்பும் சீட்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய இரவில் வந்து இறங்கும் விமானத்தில் இடம் பிடிக்காமல், இரண்டு தினங்கள் முன்னதாகவே வந்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் வீட்டிலே ரசஞ்சோறு சாப்பிட்டு, வெளுக்கவேண்டிய துணிகளை வெளுத்து, வேண்டிய காகிதங்களை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 7:30க்கு விழித்துப் பழகிய உடம்பு இங்கே 5 மணிக்கே விழித்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை அவசரப்பட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள். முதல் வாரம் அலுவலகத்துக்குப் பதற்றமின்றிப் போய்ச்சேர அது உங்களுக்குத் துணை செய்யும்.